டீச்சரைக் கேளுங்கள்: நிறம் மாறும் எக்ஸ்ரே

போன இதழில், பக்கத்து கேலக்ஸிகளிலிருந்து வரும் எக்ஸ்ரே கதிர்களின் 'நிறம்' அவ்வப்போது மாறுவதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். இடம் நிரப்ப எழுதியது என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் போய் இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒன்று திட்டு. அதையும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: விண்வெளி எக்ஸ்ரே நம் மேல் படாதா டீச்சர்? நாங்கள் வானத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோமே! (வாசகி, மன்னவனூர்)

படாது. உங்கள் தலைக்கு மேல் இருக்கும் காற்று லேசாகத் தெரிகிறது, ஆனால் கடல் மட்டத்தில் அதன் மொத்த எடை 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். நம் கொடைக்கானல் மலை உயரத்தில் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். மீதி எட்டு மீட்டர் தண்ணீர் இன்னும் மேலே நிற்கிறது. நான் எழுதிய கதிர்களோ, ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயைவிட ரொம்ப மெலிந்தவை. 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (கதிரின் வலிமையை அளக்கும் அலகு) கதிர் தரைமட்டக் காற்றில் சில மில்லிமீட்டர் போவதற்குள் தேய்ந்துவிடும். அதைப் பார்க்கத்தான் செயற்கைக்கோள் அனுப்ப வேண்டியிருக்கிறது.

கேரட் தோட்டத்துக்குப் போகும்போது தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். புற ஊதாக் கதிர் மலையில் நிஜமாகவே அதிகம்.

கேள்வி: எக்ஸ்ரே கண்ணுக்கே தெரியாது. அதற்கு நிறம் ஏது? அது மாறுகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? (கல்லூரி மாணவர், தாண்டிக்குடி)

நல்ல கேள்வி. 'நிறம்' என்று நான் எழுதியது சோம்பேறித்தனம். கதிரின் வலிமை என்று சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு ஆவணி மழையில் வாசல்படியில் வழுக்கி மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்த பையன் அவசரத்தில் கேவியை, அதாவது எந்திரத்தின் கிலோவோல்ட் மின்னழுத்தத்தை, ஏற்றி வைத்துவிட்டான். எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசம் தெரியாமல் படம் ஒரே சாம்பலாக வந்தது. மறுபடி எடுத்தார்கள், இரண்டு படத்துக்கும் காசு வாங்கினார்கள். அது கிடக்கட்டும். அந்த எந்திரத்தில் இரண்டு கணக்கு உண்டு. எம்ஏஎஸ் (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கியது) கூட்டினால் கதிர்களின் எண்ணிக்கை கூடும். கேவி கூட்டினால் ஒவ்வொரு கதிரின் வலிமையும் கூடும், சதையையும் எலும்பையும் ஒரேபோல் துளைத்துக்கொண்டு போகும். வலிமை குறைந்ததை மென்கதிர் என்றும் கூடியதை வன்கதிர் என்றும் வைத்துக்கொள்வோம். சிவப்பு, நீலம் மாதிரி.

சரி, எங்கோ இருக்கும் ஒரு புள்ளியிலிருந்து வருவதில் மென்கதிர் எத்தனை, வன்கதிர் எத்தனை என்று பிரிப்பது எப்படி? இதற்கு என் சித்தப்பாவின் டீக்கடைக்கு வர வேண்டும்.

கடை பெருமாள்மலையில், பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் சேரும் இடத்தில். நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு கோடை விடுமுறையில் வாகனக் கணக்கெடுக்க ஆள் தேடினார்கள். நாள் கூலி. கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டியை எல்லாம் வகை பிரித்துக் கோடு போட வேண்டும். நாலு கோடு, குறுக்கே ஒன்று. பஸ், லாரி, வேன், கார், மொபெட். முதல் நாள் மொத்தம் எத்தனை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. சாயங்காலம் தாளைப் பார்த்த சித்தப்பா மொத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. "என்னம்மா, இன்னைக்கு லாரி இத்தனை? பூம்பாறைப் பூண்டு சந்தைக்கு இறங்குது போல" என்றார். கடையை விட்டு நகராத மனுஷன், வண்டிகளின் கலவையை வைத்து மலைமேல் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டார். இன்னொரு நாள் மொத்தம் அதே அளவுதான், ஆனால் வேனும் காருமாக வந்தது. அது கோடை விழாக் கூட்டம்.

சந்திரா தொலைநோக்கி செய்வதும் இந்த வேலைதான். 1999-ல் மேலே போன அதற்கு நம் வானியலாளர் சந்திரசேகர் பெயர்தான், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்தவர். அதன் உணர்கருவி வந்து விழும் ஒவ்வொரு கதிர்த்துகளையும் தனியாகப் பிடித்து, அதன் வலிமையைக் குறித்துக்கொள்கிறது. நூறு துகள் வந்தால், எழுபது மென்மை, முப்பது வன்மை. வன்மையிலிருந்து மென்மையைக் கழித்து மொத்தத்தால் வகுத்தால் −0.4. ஆறு மாதம் கழித்து அதே புள்ளியைப் பார்த்தால் முப்பது மென்மை, எழுபது வன்மை: +0.4. மொத்தம் நூறேதான். பிரகாசத்தை மட்டும் பார்த்தவர் 'ஒன்றும் மாறவில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

நூறு என்பது சும்மா உதாரணத்துக்குச் சொன்னதல்ல. பல லட்சம் ஒளியாண்டு தாண்டி வருவதால், பல மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் சில மூலங்களிலிருந்து (எக்ஸ்ரே வீசும் புள்ளிகளைத்தான் மூலம் என்கிறேன்) அவ்வளவுகூட வராது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூன்றாம் நாள் மத்தியானம் பனிமூட்டம் இறங்கிவிட்டது. மொபெட் கண்ணுக்கே தெரியவில்லை. லாரி மட்டும் உறுமிக்கொண்டு வந்து முகத்தைக் காட்டும். என் தாளில் லாரியின் பங்கு எக்கச்சக்கமாக ஏறிவிட்டது. பூண்டும் இல்லை, சந்தையும் இல்லை, பனிதான். எக்ஸ்ரேயிலும் இதே கதை. வழியில் வாயுத் திரை வந்து நின்றால் அது முதலில் விழுங்குவது மென்கதிரை. மிச்சமிருப்பது வன்கதிர். மூலம் துளியும் மாறாமலே 'வன்மையாகிவிட்டது' போலத் தெரியும். நிறம் மாறியது என்று யாராவது எழுதினால், அது அடுப்பின் மாற்றமா, நடுவில் வந்த புகையின் மாற்றமா என்று முதலில் கேளுங்கள். நிறமாலையின், அதாவது எந்த வலிமையில் எத்தனை கதிர் என்ற வரிசையின், வடிவத்தை நுணுக்கமாகப் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். போதுமான துகள் கிடைத்தால்.

கேள்வி: கருந்துளையிலிருந்து ஒளியே வராது என்கிறீர்கள். அப்புறம் எக்ஸ்ரே மட்டும் எப்படி வருகிறது? (வாசகர், பண்ணைக்காடு)

துளையிலிருந்து வரவில்லை. துளைக்குள் விழப்போகிற சரக்கிலிருந்து வருகிறது. பக்கத்தில் ஜோடியாகச் சுற்றும் விண்மீனின் வாயுவைக் கருந்துளை இழுக்கும். அது நேராக விழாமல் வட்டமாகச் சுழன்று, ஒன்றோடொன்று உரசி, கோடி டிகிரி வரை சூடேறும். எக்ஸ்ரே அங்கிருந்துதான்.

கேள்வி: 'பிரகாசம் கூடினால் கதிரும் வன்மையாகும்' என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். இது அடிப்படையிலேயே தவறு. ஆசிரியராக இருந்தவர் இப்படி எழுதலாமா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பழனி)

எழுதக்கூடாது ஐயா. கொல்லன் பட்டறை இரும்பை மனதில் வைத்து எழுதிவிட்டேன். சூடு ஏற ஏற சிவப்பு மஞ்சளாகும், அந்த நினைப்பு. கருந்துளை ஜோடிகளில் பெரும்பாலும் நடப்பது நேர்மாறு.

நம் பால்வீதியிலேயே இருக்கும் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை ஜோடி இதற்கு முதல் பாடம். 1970 டிசம்பர் 12, கென்யாவின் சுதந்திர தினத்தில், அந்நாட்டுக் கரையோர மேடையிலிருந்து உஹுரு என்ற எக்ஸ்ரே செயற்கைக்கோள் கிளம்பியது. சுவாஹிலியில் உஹுரு என்றால் விடுதலை. அடுத்த ஆண்டு மார்ச், ஏப்ரல் வாக்கில் சிக்னஸ் எக்ஸ்-1-ன் மென்கதிர் மளமளவென்று விழுந்தது, வன்கதிர் ஏறியது. அதே சமயம் அதுவரை இல்லாத ரேடியோ அலை அந்த இடத்தில் தலைகாட்டியது.

இப்போது நாம் புரிந்துகொண்டிருப்பது இது. வாயு தாராளமாக வந்து விழும்போது, அது சுழலும் வட்டு துளைக்கு வெகு அருகே வரை நீண்டு, கோடி டிகிரிச் சூட்டில் தானே ஒளிரும். அது மென்கதிர், பிரகாசமும் அதிகம். வரத்து குறைந்தால் வட்டின் உள்பகுதி இருந்த இடத்தில் மெல்லிய, நூறு கோடி டிகிரி அளவுக்குக் கொதிக்கும் வாயு நிற்கும். வட்டிலிருந்து கிளம்பும் மெலிந்த கதிர்கள் அந்த வாயுவின் எலெக்ட்ரான்களில் மோதி மோதி வலிமை பெற்று வெளியே வரும். அது வன்கதிர். கூடவே ரேடியோ அலை வீசும் வாயுப் பீச்சல்களும் உண்டாகும்.

இதை நீங்கள் சொல்லியே தீர்த்திருப்பீர்கள். ஆனால் பக்கத்து கேலக்ஸிகளில் இந்த வட்டு விளக்கமும் நிற்கவில்லை, ஐயா. அங்கே சில மூலங்கள் சாதாரணக் கருந்துளை ஜோடியைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு பிரகாசம். எம்101 கேலக்ஸியில் ஒன்று. சுமார் 2.1 கோடி ஒளியாண்டு தூரம். அது பொங்கியெழும்போது வரும் கதிர் அளவுக்கு மீறி மென்மை, பத்து லட்சம் டிகிரி சொச்சம்தான். வட்டு இவ்வளவு குளிர்ந்திருந்தால் கருந்துளை பிரம்மாண்டமாக இருக்க வேண்டும், சூரியனைப்போல் ஆயிரம் மடங்கோ என்னவோ என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. கணக்கு தப்பில்லை. வட்டைப் பார்க்கிறோம் என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு. 2013-ல் அதன் ஜோடி விண்மீனின் ஒளியை அலசி, 8.2 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது என்று கண்டுபிடித்தார்கள். துளை, சூரியனைப்போல் 20, 30 மடங்கு இருந்தாலே அதிகம்.

அப்படியானால் ஏன் அத்தனை மென்மை? நம் மொழியில் இதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது. நீறு பூத்த நெருப்பு. விழுகிற சரக்கு தாங்க முடியாத அளவுக்கு மிஞ்சினால், கதிரின் அழுத்தமே வாயுவைக் கெட்டியான காற்றாக வெளியே ஊதித் தள்ளும். உள்ளே கங்கு தகிக்கும், நமக்குத் தெரிவது மேலே மூடிய படலத்தின் மங்கல் சூடு மட்டும் என்பதுதான் இன்று வலுவான விளக்கம். என்ஜிசி 247 என்ற கேலக்ஸியில் ஒரு மூலம் இந்த மகா மென்மைக்கும், கொஞ்சம் வன்மை கலந்த நிலைக்கும் மாறி மாறிப் போய்வருகிறது. படலம் கொஞ்சம் விலகுவதும் மூடுவதுமாக இருக்கிறது போலும்.

பனிமூட்டம் மென்கதிரை விழுங்கும் என்று மேலே தாண்டிக்குடித் தம்பிக்கு எழுதிவிட்டு இங்கே படலம் மென்மையாக்கும் என்கிறேனே என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். அங்கே திரை குளிர்ந்தது, விழுங்கியதோடு சரி. இங்கே படலமே சூடானது, விழுங்கியதைத் தன் சூட்டுக்கேற்ப மறுபடி வெளியே விடுகிறது.

கேள்வி: நிறம் மாறுவது எல்லாமே கருந்துளைதானா? (வாசகி, பெரியகுளம்)

அப்படித்தான் பல வருடம் நினைத்தார்கள். அதை உடைத்தது ஒரு மேகமூட்டம் என்றால் நம்புவீர்களா?

2014 ஜனவரி 21. லண்டனில் ஒரு பல்கலைக்கழக வானாய்வகத்தில் நாலு மாணவர்களுக்குத் தொலைநோக்கி வகுப்பு. மேகம் சூழ்ந்து வந்ததால் பாடத்தைச் சுருக்கி, ஆசிரியர் ஸ்டீவ் ஃபாஸி தொலைநோக்கியைச் சட்டென்று எம்82 என்ற கேலக்ஸி பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் இருக்கக்கூடாத இடத்தில் ஒரு விண்மீன். 1.2 கோடி ஒளியாண்டு தூரத்தில் வெடித்த விண்மீன், அதாவது சூப்பர்நோவா அது. முப்பது வருடம் மேகத்தைத் திட்டியே பாடம் நடத்தியவள் நான். எனக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லை.

உலகத்துத் தொலைநோக்கிகள் எல்லாம் எம்82 பக்கம் திரும்பின. வன்கதிர் பார்க்கும் நூஸ்டார் செயற்கைக்கோளும் பல நாள் தொடர்ந்து அங்கேயே வைத்த கண் வாங்காமல் பார்த்தது. சூப்பர்நோவாவைத் தேடிப் போன இடத்தில், பக்கத்திலிருந்த ஒரு பழைய எக்ஸ்ரே மூலம் 1.37 விநாடிக்கு ஒருமுறை துடிப்பது தெரிந்தது. எம்82 எக்ஸ்-2 என்று பெயர். அத்தனை பிரகாசத்துக்குக் கருந்துளைதான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்த பேர்வழி.

கருந்துளைக்குத் தரை கிடையாது, அதனால் அது துடிக்காது. சீராகத் துடித்தால் அது சுழலும் நியூட்ரான் விண்மீன், பெரிய விண்மீன் வெடித்த பிறகு மிஞ்சும் கெட்டியான கரு. கலங்கரை விளக்கம்போல ஒளிக்கற்றை சுற்றி வருகிறது. சூரியனைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு எடையுள்ள அந்தச் சுண்டைக்காய், கொள்கைப்படி தாங்கக்கூடிய உச்சத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு கொட்டிக்கொண்டிருந்தது. அதன் பிறகு என்ஜிசி 7793, என்ஜிசி 5907 கேலக்ஸிகளில் இருந்த மூலங்களும் இதேபோல மாட்டிக்கொண்டன. துடிப்பு தெரியாதவற்றிலும் எத்தனை நியூட்ரான் விண்மீன்கள் ஒளிந்திருக்கின்றன என்று வாதம் நடக்கிறது.

மூன்றாவது ஒரு ஜாதியும் உண்டு: வெண்குள்ளன், சூரியன் போன்ற விண்மீன் ஆயுள் முடிந்து விட்டுப்போகும் சுருங்கிய கரு. நம் அண்டைவீடான பெரிய மெகல்லன் மேகம் என்ற குட்டி கேலக்ஸியில் ஒன்று, சில மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரேயில் பளிச்சிடும், அப்போது பார்த்து சாதாரண வெளிச்சத்தில் மங்கும். பிறகு எக்ஸ்ரே அணைந்து வெளிச்சம் கூடும். ஜோடியிடமிருந்து வரும் வாயு அதிகமானால் வெண்குள்ளனின் மேலுறை உப்பிக் குளிர்ந்து எக்ஸ்ரேயை விட்டு இறங்கிவிடும், குறைந்தால் சுருங்கிச் சூடாகிவிடும். உள்ளே எரிகிற நெருப்பு ஒன்றுதான்.

கேள்வி: கொடைக்கானல் வானாய்வகத்தில் இதையெல்லாம் பார்க்கிறார்களா? (பள்ளி மாணவி, கொடைக்கானல்)

இல்லை கண்ணு. அது சூரியனுக்கான இடம், 1899-லிருந்து. ஆனால் வித்தை ஒன்றுதான். 1909-ல் எவர்ஷெட் என்ற வானியலாளர் அங்கே உட்கார்ந்து, சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் ஒரு மயிரிழை நகர்ந்திருப்பதை வைத்து, அந்தப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். எக்ஸ்ரே பார்க்க 2015-ல் இந்தியா அனுப்பிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் இருக்கிறது. புற ஊதாவிலிருந்து வன்கதிர் வரை ஒரே நேரத்தில் பார்க்கும். நிறம் மாறும் பேர்வழிகளைப் பிடிக்க அதுதான் தோது.

கேலக்ஸிகளை மட்டும் பார்க்க ஆசையென்றால், டிசம்பர் தொடக்கத்தில் இரவு எட்டு மணிக்கு மழை விட்ட நாளாகப் பார்த்து வடக்கே முகம் வைத்து அண்ணாந்து பார். ஆந்திரமீடா மங்கலான ஒரு தீற்றலாகத் தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு. எம்82 ஏப்ரல் தொடக்கத்தில் ஒன்பது மணிக்கு வடக்கில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், சப்தரிஷி மண்டலத்தை ஒட்டி. அதற்குச் சின்னத் தொலைநோக்கி வேண்டும். ஏரிக்கரை விளக்குகளை விட்டுத் தள்ளி வா. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. காட்டெருமை நடமாட்டம் இருக்கிறது.

கேள்வி: நீங்கள் உங்கள் கண்ணால் இதில் ஒன்றையாவது பார்த்ததுண்டா டீச்சர்? (வாசகர், வத்தலக்குண்டு)

எக்ஸ்ரேயை யாரும் பார்க்க முடியாது. ஆனால் சிக்னஸ் எக்ஸ்-1-ன் ஜோடி விண்மீன் சாதாரண வெளிச்சத்தில் தெரியும். ஒன்பதாம் தரப் பிரகாசம், வெறுங்கண்ணுக்கு எட்டாது, என் ஆறு அங்குலத் தொலைநோக்கிக்குள் அடங்கும். செப்டம்பர் ராத்திரியில் உச்சிக்கு வரும் என்று படித்துவிட்டு மூன்று செப்டம்பர் வீணாக்கினேன். இந்த மலையில் செப்டம்பரில் வானத்தை எதிர்பார்ப்பவளுக்கு வேறென்ன கிடைக்கும்? பிறகுதான், மார்ச் கடைசியில் விடியற்காலை நாலரைக்குப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். அன்னப்பறவையின் கழுத்துப் பக்கம் ஒரு விண்மீனைப் பிடித்து, அங்கிருந்து வரைபடத்தை வைத்துத் தாண்டித் தாண்டிப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆனது. வெறும் வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் இன்னும் பத்துப் புள்ளி, எதற்கும் எதற்கும் வித்தியாசமில்லை. அது 5.6 நாளுக்கு ஒருமுறை கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் சுற்றிவருகிறது என்று தெரிந்துகொண்டு பார்ப்பதுதான் ருசி. வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். "இதுக்கா?" என்றார். கண்ணை எடுத்து அவர் திரும்புவதற்குள் கீழே பள்ளத்திலிருந்து பனி ஏறிவந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.